நகப்பூச்சு பூசிய ஊசிகள்

எங்கள் கவுண்டி, அதாவது எங்கள் சின்ன மாவட்டம், அதன் சுகாதார அலுவலகத்துக்கு இரண்டு வாசல்கள் உண்டு. குழந்தைக்குத் தடுப்பூசி போட வருகிறவர்களும், உணவகம் நடத்த உரிமம் கேட்டு வருகிறவர்களும் முன்வாசலில் நுழைவார்கள். அங்கே பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். பின்வாசல் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. போதை மருந்தை ஊசியில் ஏற்றிக்கொள்கிறவர்கள் செவ்வாய்க்கிழமைகளில் அந்த வழியாக வந்து, பழைய ஊசிகளைக் கொடுத்துவிட்டுப் புது ஊசிகளை வாங்கிப் போவார்கள். யார் எந்த வாசலில் நுழைய வேண்டும் என்று பலகை எதுவும் கிடையாது. எல்லோருக்கும் தானாகவே தெரியும். இந்த மாதிரி விஷயங்களில் எங்கள் ஊர் ரொம்பக் கெட்டிக்கார ஊர்.

பின்வாசலின் பொறுப்பு நெல்டா காடிலுடையது. ஐம்பத்தெட்டு வயது. அமெரிக்காவின் கிழக்குக் கென்டக்கி மலைகளில் எங்கள் கவுண்டிப் பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றுக்கும் போய், இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளின் தலையில் பேன் பார்த்த நர்ஸ் அவர். என் தலையிலும் பார்த்திருக்கிறார். போதையை உடனே நிறுத்த முடியாதவர்கள் நோய் வந்து சாகாமலாவது இருக்கட்டும் என்று மாநில அரசு ஒரு திட்டம் கொண்டுவந்து, அதற்கு மேலாளர் ஒருவரைப் போடச் சொன்னது. ஐந்து மாதம் அந்த வேலைக்கு ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. பேன் பார்த்த அனுபவமே போதும் என்று அலுவலகத் தலைவர் முடிவு செய்து நெல்டாவைக் கூப்பிட்டார். கிறிஸ்துமஸ் அலங்காரச் சாமான்கள் அடைத்து வைத்திருந்த அறையில் பாதியைக் காலி செய்து அவருக்கு மேசை போட்டார்கள். மீதிப் பாதியில் பிளாஸ்டிக் மரங்கள் இன்னும் நிற்கின்றன.

என் அம்மா அதே அலுவலகத்தில் தடுப்பூசிப் பிரிவில் இருக்கிறாள். இதில் பாதி அவள் சாப்பாட்டு மேசையில் சொன்னது. மீதி நானே பார்த்தது.

ஆரம்பத்தில் நெல்டாவும் ஊரைப் போலத்தான் இருந்தார். ஒவ்வொரு ஊசிப் பையோடும் ஒரு சின்னப் பிரசங்கம் கொடுப்பார். டோலி நேப்பியர்தான் அதை நிறுத்தினான். அவன் கூரை வேலை செய்தவன். கூரையிலிருந்து விழுந்து முதுகை உடைத்துக்கொண்டான். டாக்டர் இரண்டு வருடம் வலி மாத்திரையாகக் கொடுத்துத் தள்ளி, பிறகு ஒரே நாளில் நிறுத்திவிட்டார். மாத்திரை நின்றது, ஊசி வந்தது.

"அக்கா, பிரசங்கத்தை ஞாயித்துக்கிழமை வந்து கேட்டுக்கறேன்," என்றான் டோலி. "இன்னிக்கு செவ்வாய். பையைக் குடுங்க."

நெல்டா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் பிரசங்கம் செய்யவில்லை. புண் வந்தால் காட்டச் சொன்னார். போதை அதிகமாகி மூச்சு நின்றவன் மூக்கில் மருந்து எப்படி அடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். ஒன்றை மட்டும் நான்கு வருடமாக எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னார்: பிரித்த பையிலிருந்து ஊசி எடுக்காதே. பத்து ஊசி கொண்ட பை ஒட்டியபடியே இருக்க வேண்டும், அமுக்கினால் காற்று வெளியேறக் கூடாது. வாரம் அறுபது பேர் வந்தார்கள். கல்லீரலைத் தின்னும் கிருமி புதிதாகத் தொற்றியவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. அதற்காக ஊரில் யாரும் அவருக்குக் கைகொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இறைச்சிக் கடையில் அவர் பக்கத்தில் நிற்காமல் அடுத்த வரிசைக்கு மாறிப்போனவர்களை வேண்டுமானால் பெயர் சொல்லிக் காட்டுவேன்.

போன ஜனவரியில், கால்பந்து மைதானத்தில் ஒரு ஊசி கிடந்த படத்தை யாரோ இணையத்தில் போட்டார்கள். திட்டத்துக்கு வருடா வருடம் கவுண்டி மன்றம் அனுமதி கொடுக்க வேண்டும். ஜூன் மாதம் வாக்கெடுப்பு. மன்ற உறுப்பினர் வெர்லின் சைஸ்மோர் நேரிலேயே வந்துவிட்டார். மெத்தைக் கடை வைத்திருக்கிறார். நெல்டாவோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

"ஏம்மா நெல்டா, நீ குடுக்கற ஒவ்வொரு ஊசியிலயும் ஒரு அடையாளம் போடணும். கீழே கிடந்தா அது உன் ஊசின்னு தெரியணும்ல?"

"எதால போடறது வெர்லின்? எழுதினா துடைச்சதும் போயிடும்."

"பொம்பளைங்க நகத்துக்குப் பூசறீங்களே, அது போகுமா?"

"போகாது. ஆனா பூசணும்னா பையைப் பிரிக்கணும்."

"பிரிச்சுக்க. சிவப்பு மட்டும் பூசிடாதே."

"ஏன், சிவப்புக்கு என்ன?"

"அது நம்ம பள்ளிக்கூடத்து டீம் நிறம். அதை இந்த அசிங்கத்துல கொண்டுவந்து சேக்காதே. ஊதா பூசு."

ஊதா பக்கத்துக் கவுண்டிப் பள்ளியின் நிறம். மன்றத்தில் ஆறு பேர் கூடி இந்த நிபந்தனையைப் போட்டபோது நிறத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்கள். பையைப் பிரிப்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுத்திருந்தால் அன்றே திட்டத்தை மூடியிருப்பார்கள். நெல்டா ஒப்புக்கொண்டார். அது அவர் செய்த தப்பு என்று நான் நினைக்கிறேன். அம்மாவிடம் சொன்னால் அவள் ஒத்துக்கொள்வதில்லை.

திங்கட்கிழமைதோறும் நெல்டாவும் அம்மாவும் இன்னொரு நர்ஸும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஆயிரத்து இருநூறு ஊசிகளுக்கு ஊதா பூசினார்கள். வெளியே பனி. உள்ளே நகப்பூச்சு நாற்றம். படித்து உரிமம் வாங்கிய மூன்று நர்ஸுகள்.

முதல் செவ்வாய்க்கிழமை டோலி பையைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தான்.

"பை பிரிச்சிருக்கு அக்கா."

"நாங்கதான்டா பிரிச்சோம். மூடியெல்லாம் அப்படியே இருக்கு பாரு. ஒண்ணும் ஆகாது."

"பிரிச்ச பையிலேருந்து எடுக்காதேன்னு நீங்கதானே நாலு வருஷமா என் காதுல ஓதறீங்க?"

நெல்டா மேசையில் இருந்த இன்னொரு பையின் பிரிந்த வாயை விரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தார்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றான். "நான் பரோல்ல வெளிய இருக்கறவன். இந்த ஊதாவோட போலீஸ்காரன் என்னைப் பிடிச்சா, எங்கடா வாங்கினேன்னு கேக்கற வேலைகூட அவனுக்கு இல்ல. நெத்தியில எழுதிக்கிட்டு திரியற மாதிரி."

அவன் பையை மேசையில் வைத்துவிட்டுப் போனான். பிப்ரவரி கடைசியில் முப்பது பேர் வந்தார்கள். ஏப்ரல் கடைசியில் ஒன்பது பேர். இதை வெர்லின் மன்றத்தில் வெற்றி என்று சொன்னார். போதைக்காரர்கள் குறைந்துவிட்டார்களாம். மழை பெய்யும்போது ஜன்னலை மூடிவிட்டு மழை நின்றுவிட்டது என்று சொல்கிற ஆளை நான் முதல்முறையாக அப்போதுதான் பார்த்தேன். அவருக்கு மேசை தட்டியவர்களையும் பார்த்தேன்.

மே மாதம் நெல்டா மலைப் பள்ளத்தாக்கில் டோலியின் வீட்டுக்குப் போனார், சக்கரம் வைத்த டிரெய்லர் வீடு. ஒரே ஊசியை ஐந்து வாரமாக வைத்திருந்தான். முனை மழுங்கினால் தீப்பெட்டியின் பக்கவாட்டில் தேய்த்துக் கூர் ஏற்றியிருக்கிறான். இடது கை முழங்கைக்கு மேல் தேங்காய் அளவுக்கு வீங்கி இருந்தது. நெல்டா தன் வண்டியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கையைக் கிழித்துச் சீழ் எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கை போயிருக்கும் என்றார் டாக்டர். இப்படி அந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் எத்தனை கைகள் என்று நெல்டாவுக்குத் தெரியாது. ஜூனில் இந்த நிபந்தனையை எடுக்க வைக்காவிட்டால் தெரியவும் போவதில்லை.

அதே மாதம் ஊர் துப்புரவு நாள் வந்தது. சர்ச்சுக்காரர்கள் எல்லாம் ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு ஓடைக்கரையிலிருந்து மைதானம் வரை ஊர் முழுக்கப் பெருக்குவார்கள். அன்று கிடைத்த ஊசிகள் நாற்பத்து மூன்று. அதில் ஊதா இரண்டு.

ஜூன் வாக்கெடுப்புக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். வெர்லின்தான் முதலில் பேசினார்.

"ரெண்டுதான் ஊதான்னா என்ன அர்த்தம்? மத்ததுல பூச்சைச் சுரண்டிட்டானுங்க."

நெல்டா எழுந்து ஒரு கண்ணாடி ஜாடியை மேசையில் வைத்தார். உள்ளே தண்ணீர், கூழாங்கல், ஒரு ஊசி.

"ஓடைத் தண்ணியில மூணு வாரம் கிடந்த ஊசி. தினமும் கல்லோட சேத்துக் குலுக்கினேன், நகத்தால சுரண்டியும் பாத்தேன். பூச்சு அப்படியே இருக்கு, கையில எடுத்துப் பாருங்க."

யாரும் எடுக்கவில்லை.

"அப்ப மத்த நாப்பத்தொண்ணும் எங்கேருந்து வந்துச்சு?" என்று வெர்லின் கேட்டார்.

"எனக்குத் தெரியாது. எல்லாம் இன்சுலின் ஊசி. நான் குடுக்கறதும் அதே ஊசிதான், மருந்துக் கடையில சர்க்கரைக்காரங்க வாங்கறதும் அதே ஊசிதான். பதினேழு மைதானத்துப் படிக்கட்டுக்குக் கீழே கிடந்துச்சு. ஒன்பது படகுத்துறையில. பதினஞ்சு சர்ச்சுல வண்டி நிறுத்தற இடத்துல. யார் போட்டதுன்னு அடையாளம் இல்லாம எப்படிச் சொல்றது? அதனால ஒரு யோசனை கொண்டுவந்திருக்கேன்."

"சொல்லும்மா."

"சர்க்கரைக்காரங்க ஊசிக்கும் நிறம் பூசிடுவோம். மஞ்சள் வச்சுக்கலாம். மருந்துக் கடைக்கு நானே வந்து உக்காந்து பூசித் தர்றேன். அடுத்த வருஷம் துப்புரவு நாள்ல எது யாரோடதுன்னு தெளிவாத் தெரிஞ்சிடும்."

எங்கள் மன்றத்தில் ஆறு பேர். நான்கு பேர் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள். அது ஊருக்கே தெரியும். தேர்தல் விருந்தில் கேக்குக்கு முன்னால் மேசைக்கடியில் சட்டையைத் தூக்கிக் குத்திக்கொள்கிறவர்கள்.

கடைசி நாற்காலியில் இருந்த மன்ற உறுப்பினர், "நான் நோயாளிம்மா. எனக்கு எதுக்கு அடையாளம்?" என்றார்.

"அடையாளம் ஊசிக்குத்தான் ஐயா."

வெர்லின் கழுத்து சிவந்துவிட்டது. "பூசணும்னா பையைப் பிரிக்கணுமே. பிரிச்ச பையில இருக்கறதை எப்படி ஒடம்புல குத்திக்கறது? எத்தனை பேர் கை பட்டிருக்கும்?"

"அதையேதான் என்கிட்ட வர்றவங்களும் கேட்டாங்க வெர்லின்," என்றார் நெல்டா. "அம்பது பேர் கேட்டுட்டுப் போயிட்டாங்க."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். பத்து நிமிடம் இடைவேளை விட்டார்கள். திரும்பி வந்து திட்டத்துக்கு இன்னும் ஒரு வருடம் அனுமதி என்றும், நிறம் பூசும் நிபந்தனை "நிர்வாகச் சிரமம் காரணமாக" நீக்கப்படுகிறது என்றும் வாக்களித்தார்கள். ஐந்துக்கு ஒன்று. வெர்லின் அந்த ஐந்தில் ஒருவர். டோலியின் கையைப் பற்றி நெல்டா நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். அதை யாரும் புரட்டியதாகத் தெரியவில்லை. ஐம்பது பேரின் உயிர் செய்யாததைத் தங்கள் வயிற்றில் ஏறும் ஒரு ஊசி செய்துவிட்டது. இவர்களுக்கு வெட்கம் வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அது பொய்.

வெளியே வெர்லின் நெல்டாவை நிறுத்தினார். "எல்லார் முன்னாலயும் இப்படிச் செஞ்சிருக்க வேண்டாம்."

"நான் யார் பேரையும் சொல்லலியே," என்று சொல்லிவிட்டு நெல்டா வண்டிச் சாவியைத் தேடினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அறுபது பேருக்கு வேண்டியதை எடுத்து வைத்தார்கள். பதினான்கு பேர் வந்தார்கள். டோலி கடைசியாக வந்தான். இடது கையில் கட்டு இருந்தது. நாய்த் தீனி வந்த பெரிய காலிப் பையைக் கொண்டுவந்திருந்தான்.

"எத்தனை வேணும்?" என்றார் நெல்டா.

"எங்க பள்ளத்தாக்குல என்னைச் சேத்து பன்னண்டு பேர். எல்லாருக்கும் வேணும்."

"அவங்களை வரச் சொல்லேன்டா. புண்ணு கிண்ணு இருந்தா பாப்பேன்ல?"

"உங்க மேல கோவம் இல்லக்கா. ஆனா வர மாட்டாங்க. மன்றத்துக்கு அடுத்த மாசம் என்ன நிறம் தோணுமோன்னு கேக்கறாங்க."

நெல்டா வாதாடவில்லை. இரண்டு வாரத்துக்கென்று நாற்பத்தெட்டுப் பைகளை எண்ணி மேசையில் வைத்தார். புண்ணுக்குப் போடும் துணியும் களிம்பும் தனியாகக் கட்டிக் கொடுத்தார். கட்டு மாற்ற வியாழக்கிழமை வா என்றார். சரி என்றான். பிறகு ஒரு பையை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து, நல்ல கையால் அமுக்கி, காற்று போகிறதா என்று கேட்டான். போகவில்லை. அதை நாய்த் தீனிப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தான். நாற்பத்தெட்டையும் அப்படியே பார்த்தான். வரிசையில் அவனுக்குப் பின்னால் யாரும் இல்லாததால் நெல்டா அவனை அவசரப்படுத்தவில்லை.