மாதா கோயில் கிணற்றுக்குக் காவல்

பால் சொசைட்டியில் கேனை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னார்கள், சவரிமுத்து உபதேசியார் காலமாகிவிட்டார் என்று. யார் சொன்னது, கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டேன். என் சுபாவம் அப்படி. சாவுச் செய்தியைக்கூட விசாரிக்காமல் நம்பமாட்டேன். நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உத்திரமேரூருக்குத் தெற்கே எங்கள் ஊர்க் காலனியில் ஒரு சின்ன மாதா கோயில் உண்டு. சாமியார் மாதம் ஒரு தடவைதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்லித்தருவது, ஞானஸ்நானத்துக்கு ஆட்களைத் தயார் செய்வது, செத்தவர்களை அடக்கம் செய்வது எல்லாம் உபதேசியார்தான். எழுபத்துநாலில் ஒரு பழைய சைக்கிளில் வந்து இறங்கினார். அன்றிலிருந்தே அவர்மேல் எனக்கு ஒரு கண். ஞானஸ்நானத் தண்ணீர் ஒரு சொட்டு மேலே பட்டால் போதும், ஆள் மதம் மாறிவிடுவான் என்று நான் நம்பியிருந்த காலம் அது.

எண்பத்துமூன்று கோடையில் எங்கள் தெருக் கிணறு வற்றிப்போயிற்று. ஏரியில் வெறும் சேறு. மாதா கோயில் கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. அதுவரை எங்கள் தெருக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்காத கிணறு. யார் வேண்டுமானாலும் இறைத்துக்கொள்ளலாம் என்று உபதேசியார் கேட்டைத் திறந்துவிட்டார். எங்கள் பெண்கள் முதலில் தயங்கினார்கள், பிறகு குடத்தோடு போனார்கள். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகவே நினைத்தேன். ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் முடிந்து, மீந்த தண்ணீரை ஏந்திக்கொண்டு அவர் கிணற்றுப் பக்கம் போனார். ஓடிப்போய் எல்லாரும் பார்க்க அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“இது கால் படற எடத்துல ஊத்தக்கூடாதுங்க. அதான் தென்ன மரத்துக்கு எடுத்துக்கினு போறேன்,” என்றார். “மனசு இல்லாதவன் மேல கொடங்கொடமா ஊத்தினாலும் அது வெறும் குளியலுதாங்க.”

நான் நம்பவில்லை. அந்தக் கிணற்றுப் பக்கமே போகக்கூடாது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். சனங்கள் ஏரிச் சேற்றைத் தெளியவைத்துக் குடித்தார்கள். நாலாம் நாள் என் ஆறு வயது மகளுக்கு வாந்தியும் பேதியும். கண் செருகிவிட்டது. என் மனைவி குடத்தை எடுத்தாள். நான் குறுக்கே நின்றேன்.

“மதம் போனாப் போவட்டும்யா. புள்ள இல்லாம இன்னா மதம்?” என்று என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதும் விட்டேனா! அவர் எதையாவது கலந்துவிடுவார் என்று தினமும் கிணற்றடியில் காவல் உட்கார்ந்தேன். அந்தத் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொடுத்துத்தான் மகள் தேறினாள். மூன்றாம் நாள் உச்சி வெயிலில், யாருக்கோ குழி வெட்டிவிட்டு, இரண்டு கையும் மண்ணாக வந்தார் உபதேசியார். ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றச் சொல்லி என்னைக் கேட்டார். எங்கள் தெரு ஆள் காலனிக்காரருக்கு ஊற்றுவதா? முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு, தானே இறைத்துக் குடித்துவிட்டு, என் பக்கத்தில் வந்து குந்தினார்.

“எங்க சாமியும் ஒருநா கெணத்தாண்ட குந்திக்கினு தண்ணி கேட்டாருங்க. அவுங்க ஜனம் தொடாத ஜாதிப் பொம்பளையாண்ட. சாமியே கேட்டு வாங்கிக் குடிக்கசொல்ல, குடுக்கறதுல எனக்கு இன்னாங்க பெருமை?”

நான் மறுநாள் காவலுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க ஆறு வருஷம் இருந்தது. வெட்கம் விடவில்லை.

நேற்று அடக்கம். பெட்டியைக் குழியில் இறக்குமுன், அவர்கள் வழக்கப்படி, தீர்த்தச் செம்பு வரிசையாக வந்தது. ஒவ்வொருவராகப் பெட்டிமேல் தெளித்தார்கள். செம்பை வைத்திருந்த அவருடைய மகள் என்னைத் தாண்டிப் போனாள். அவள்மேல் குற்றமில்லை, நான் அதைத் தொடமாட்டேன் என்று ஊருக்கே தெரியும்.

“எனக்கும் கொஞ்சம் தண்ணி குடும்மா,” என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

அவள் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஊற்றினாள். போய் வாருங்கள், உபதேசியாரே. அன்று நீங்கள் கேட்டதை இன்றைக்குத்தான் ஊற்றினேன். பெட்டிமேல்தான் ஊற்ற முடிந்தது.