தெல்மாவின் மடிப்புக் கூடாரம்

குழாயை மூடியதும் அந்தக் குழாயையே துடைப்பாள் தெல்மா. கெட்டிலைத் தூக்கினால் அது இருந்த இடத்தைத் துடைப்பாள். திரும்ப வைத்தால் கெட்டிலைத் துடைப்பாள். கணவர் நாரிஸ் தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் மேசையில் இருந்த ஈர வட்டம் காணாமல் போயிருக்கும். துடைத்த இடத்தில் வைக்கப் பயந்துகொண்டு, மனிதர் கோப்பையைக் கையிலேயே பிடித்தபடி குடித்து முடிப்பார்.

ஏப்ரன் பையில் நாலாக மடித்த மஞ்சள் துணி ஒன்று எப்போதும் இருக்கும். பல் டாக்டரிடம் போனாலும் அது கூடவே போகும். கோல்ன் ஊரில் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த கை. முந்நூறு பிள்ளைகள் சாப்பிட்ட மேசைகளை அடுத்த மணி அடிப்பதற்குள் பளபளவென்று ஆக்கிய கை. ஓய்வு கொடுத்துவிட்டால் அது சும்மா கிடக்குமா?

கிடக்காததால்தான் வம்பு வந்தது. வருஷா வருஷம் மோர்கம் கடற்கரையில் ஒரே விடுதியில்தான் தங்குவார்கள். போன கோடையில் தெல்மா விடியற்காலையில் எழுந்து, விடுதிக்காரி மாடிப்படி ஓரத்தில் விட்டுவைத்திருந்த தூசியை மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். விடுதிக்காரி பார்த்துவிட்டாள். “அடுத்த வருஷம் வேற இடம் பார்த்துக்கங்கம்மா” என்று மரியாதையாகத்தான் சொன்னாள்.

தெல்மா வேறு இடம் பார்க்கவில்லை. பத்திரிகைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தாள்: மடிப்புக் கூடார வண்டி, பதினாலு வருஷம் ஓடியது, நல்ல நிலையில், விற்பனைக்கு. தன் படுக்கை, தன் விரிப்பு, தன் அடுப்பு. யாருடைய தூசியும் இல்லை. அன்று மாலையே அட்டையில் எழுதியிருந்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

பார்த்தால் இரண்டு சக்கரத்தின்மேல் மூடி போட்ட ஒரு பெரிய பெட்டி, அவ்வளவுதான். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். மூடியைத் திறந்து இரண்டு பக்கமும் இழுத்தால் பக்கத்துக்கு ஒரு படுக்கை வரும். கம்பிகளை நிமிர்த்தினால் நடுவில் கித்தான் வீடு எழும். உள்ளே அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, மடக்கு மேசை எல்லாம் உண்டு.

நாரிசுக்கு அது பிடிக்கவே இல்லை. “முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன் நான். லீவுக்கும் சக்கரத்து மேலயே படுக்கணுமா?” என்றார். இடுப்பு வலியையும் சாட்சிக்கு அழைத்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். “ஒரே ஒரு தடவை வரேன். என் தலகாணியில ஒரு சொட்டு மழை விழுந்தா, வந்ததும் வித்துடணும்.” தெல்மா கையைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

விற்றவர் எண்ட்விசில் என்ற பெரியவர். மனைவிக்கு முழங்கால் முடியாமல் போனதால் கொடுத்தார். மூன்று விஷயம் சொல்லிக்கொடுத்தார். முதலில் நாலு மூலைக் கால்களையும் தரையில் ஊன்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஈரத்தோடு மடிக்கக்கூடாது. கித்தானில் சோப்புப் படவே கூடாது, வெறும் தண்ணீர்தான். தெல்மா மூன்றுக்கும் தலையாட்டினாள். வரும் வழியில், “சோப்புப் போடாதேங்கிறாரே, அவர் வீட்ல யார் துவைக்கிறதாம்?” என்று நாரிசிடம் கேட்டாள்.

இந்த ஊரில் இப்படி ஒரு வண்டி வாங்கினால் முதலில் வீட்டு வாசலில் விரித்துப் பார்ப்பதுதான் வழக்கம். தெரு முழுக்கச் சன்னல் திரைகள் அரை அங்குலம் விலகும், அதுவும் வழக்கம். பக்கத்து வீட்டு மியூரியல் திரையோடு நிற்கவில்லை, சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். “என்ன தெல்மா, சர்க்கஸ் வந்திருக்கா? டிக்கெட் எங்க வாங்கணும்?”

டிக்கெட் இல்லாமலே ஆட்டம் நடந்தது. விரிப்பை அளந்து பார்க்கும் அவசரத்தில் தெல்மா கால்களை ஊன்றாமலே ஒரு படுக்கையை இழுத்து அதன்மேல் ஏறிவிட்டாள். வண்டியின் மறுபக்கம் ஊஞ்சல் பலகைபோல மெதுவாக மேலே எழும்பியது. நாரிஸ் ஓடிவந்து அந்தப் பக்கத்தைத் தன் உடம்பு கொண்டு அழுத்திப் பிடித்தார். “இறங்கு, கண்ணு” என்றார். தெல்மா இறங்கவில்லை. கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு கம்பி தூசியோடு இருந்தது. அதைத் துடைத்துவிட்டுத்தான் இறங்கினாள்.

கித்தான் மூலைகளில் பச்சையும் கறுப்புமாகப் பூசணப் புள்ளிகள். இன்னொருவர் வீட்டுப் பூசணத்தின் கீழே தெல்மா படுப்பாளா? சனிக்கிழமை வெயிலில் சலவைத்தூள் பெட்டி இரண்டும் விறைப்பான பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் கித்தான் புதுப்பால் நிறத்தில் இருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து பார்த்தாலே கண் கூசுகிறது என்று மியூரியலே சொன்னாள். அன்று தெல்மா சாப்பிட்ட உருளைக்கிழங்குக்குத் தனி ருசி.

புதன்கிழமை மழை வந்தது. பரீட்சை பார்த்துவிடலாம் என்று இருவரும் தேநீரோடு வாசல் வண்டிக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு வடிகட்டியில் தேநீர் இறங்குகிற மாதிரி கித்தான் முழுக்க இறங்கியது. நாரிஸ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். கோப்பையின்மேல் சாசரைக் கவிழ்த்தார். தலையணையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“இது வாசல். வாசல் சேர்த்தி இல்ல” என்றாள் தெல்மா.

“மழைக்கு அது தெரியலையே, கண்ணு.”

தப்பு செய்தேன் என்று தெல்மா சொல்லி யாரும் கேட்டதில்லை, நாரிஸ்கூட. மறுநாள் அவளே எண்ட்விசில் வீட்டுக்கு நடந்து போனாள். கித்தான் கொஞ்சம் ஒழுகுகிறது, ஏன் என்று தெரியவில்லை என்று ஆரம்பித்தாள்.

“சோப்பா?” என்றார் அவர்.

“லேசா.”

“எவ்வளவு லேசா?”

“ரெண்டு பெட்டி.”

பெரியவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை அவளுக்குப் பிடித்துப்போனது. நெசவில் ஏற்றியிருந்த மருந்துதான் மழையைத் தள்ளிக்கொண்டிருந்தது, அதைச் சோப்பு தின்றுவிட்டது என்று விளக்கினார். நுரை அடியோடு போகும்வரை அலச வேண்டும், நன்றாகக் காய வேண்டும், பிறகு புது மருந்தைப் பிரஷ்ஷால் பூச வேண்டும். அவள் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். “இன்னொண்ணு. வெளியில மழை பெய்யறப்ப உள்பக்கம் கித்தானைத் தொடாதீங்கம்மா. விரல் பட்ட இடத்துல தண்ணி வழி கண்டுபிடிச்சிடும். துடைக்கக்கூட வேணாம்.” கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் பார்வை அவள் கையிலிருந்த மஞ்சள் துணியில் இருந்தது. பேசிக்கொண்டே அவர் வீட்டுக் கதவுப்பிடியை அவள் துடைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவர் சொன்னதையெல்லாம், தொடக்கூடாது என்பது உட்பட, நாரிசிடம் ஒப்பித்தாள். ஒன்பது தடவை அலசினாள். ஒன்பதாவது தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மருந்து பூசியது நாரிஸ். உயரமான இடம் அவளுக்கு எட்டாது. விற்கப்போகிற வண்டிக்கு இத்தனை சிரத்தையா என்று மியூரியல் கேட்டதற்கு, தோள் பயிற்சிக்காக என்றார்.

மே மாதக் கடைசி விடுமுறைக்குச் சில்வர்டேல் பக்கம், கடல் எட்டிப் பார்க்கிற ஒரு பண்ணை வயலுக்குப் போனார்கள். கால்களை முதலில் ஊன்றினார்கள். இருபத்தைந்து நிமிஷத்தில் வீடு எழும்பிவிட்டது. பன்றி இறைச்சித் துண்டுகள் பொரிகிற வாசனைக்கு அடுத்த கூடாரத்து நாய் வந்து உட்கார்ந்தது. படுக்கையில் சாய்ந்தால் செம்மறிகளும் சாம்பல் நிறத் தண்ணீரும் தெரிவதை நாரிஸ் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் இடுப்பு வலி என்ற பேச்சு இரண்டு நாளாக இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. பத்து நிமிஷம். அரை மணி. மேலே பட்ட மழை முத்து முத்தாக உருண்டு ஓடியது. உள்ளே ஒரு சொட்டும் இல்லை. தெல்மா கழுவும் தொட்டியைத் துடைத்தாள், அடுப்பைத் துடைத்தாள், கெட்டிலைத் துடைத்தாள்.

கெட்டில் கொதித்த ஆவி போய் நாரிசின் தலையணைக்கு நேர் மேலே கித்தானில் படிந்தது. குண்டூசித் தலை அளவில் பத்துப் பதினைந்து ஈரப்புள்ளிகள் மினுங்கின. அதை அவளும் பார்த்தாள், படுத்திருந்த அவரும் பார்த்தார்.

“துடைச்சிடேன், தெல்மா” என்றார் நாரிஸ், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. “பார்க்கவே அசிங்கமா இருக்கு.”

மஞ்சள் துணி பையிலிருந்து வெளியே வந்தது. கை மேலே போனது. கித்தானுக்கு இரண்டு விரல் கீழே போய் நின்றது. வெளியே மழை வலுத்தது. கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கியது. தெல்மா துணியை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், இருக்கையில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள்.