தேங்காப்பட்டணத்தில் சுறா வாங்கவில்லை

2013 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, காலை 6.10. நாகர்கோவில் வடசேரியிலிருந்து கருங்கல் வழியாகப் புதுக்கடை போகும் பேருந்தில் ஏறினேன். டிக்கெட் பதினெட்டு ரூபாய். புதுக்கடையில் என் தங்கை மேரி குழந்தை பெற்று இருபது நாள் ஆகியிருந்தது. எங்களுக்கு அம்மா இல்லை. பிள்ளைப்பேறு பார்த்தது அவள் மாமியார் ரோசம்மாள்தான். முந்தின நாளே போனில் உத்தரவு வந்துவிட்டது.

“மக்ளே, ஆத்து மீன் ஒண்ணும் வாங்கிராதே. பாதரசம் கெடக்காம். தேங்காப்பட்டணம் போயி நல்ல சுறாவா பாத்து வாங்கிட்டு வா. பிள்ளைக்குப் பால் வரண்டாமா?”

குழித்துறை ஆற்றங்கரையில் யாரோ பாதரசம் அடங்கிய உடைந்த டியூப்லைட்டுகளை மூட்டை மூட்டையாகக் கொட்டிய படம் ஒன்று போன் போனாகச் சுற்றியது. அன்றிலிருந்து ஆற்று மீனை யாரும் தொடுவதில்லை. சோதித்துச் சொன்னவரும் இல்லை. பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்; அதில் எனக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

7.40-க்குப் புதுக்கடை. அங்கிருந்து இன்னொரு பேருந்தில் ஏழு கிலோமீட்டர். 8.20-க்கு, அதே ஆறு தேங்காப்பட்டணத்தில் கடலில் கலக்கும் பொழிமுகத்தில் நின்றேன். மீன் விற்கும் அற்புதம் அக்காவின் முன்னால் இரண்டு கூடைகள். ஆற்றுக் கரிமீன் கூடையில் ஈ மட்டும் மொய்த்தது. சுறாவுக்கு வரிசை.

எனக்கு முன்னால் நின்றவருக்காக அற்புதம் ஒரு சுறாவின் வயிற்றைக் கீறினார். பாதி செரித்த மீன்கள் பொலபொலவென்று விழுந்தன. பார்த்துக்கொண்டே நின்றேன். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பாதரசம் சிந்தினால் கந்தகத்தூள் தூவி அள்ளுவது பத்து வருடமாக என் வேலை. சின்ன மீனிலுள்ள பாதரசம் அதைத் தின்னும் மீனில் சேரும், பெரிய மீனில்தான் அதிகம் தங்கும் என்று எங்கள் பேராசிரியர் வருடாவருடம் சொல்வார். கேட்டவள்தான், மூளையை ஆய்வகத்திலேயே வைத்துவிட்டுச் சந்தைக்கு வந்திருக்கிறேன். என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

“எனக்குச் சுறா வேண்டாம் அக்கா. சின்ன மீன் போதும், நெத்தோலி தாங்க.”

“பெத்தவளுக்கு நெத்தோலியா?” என்று சிரித்தார். காரணத்தைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார்.

“அப்போ இந்தக் கரிமீனை மட்டும் என்னத்துக்குத் தள்ளி வச்சாவ? சோதிச்சுச் சொல்லட்டு. விஷம்னா நானே குழி தோண்டிப் பொதைக்கேன். சொல்லாம கொள்ளாம எனக்கக் கூடையை மூடச் சொன்னா மூடமாட்டேன், கேட்டியா?”

10.15. புதுக்கடை வீட்டில் ரோசம்மாள் மாமி தூக்குவாளியைத் திறந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“நாலு பிள்ளை பெத்தவ நான். சுறா தின்னுதான் பால் குடுத்தேன்.”

“தாய் தின்னுறது பால்ல போவும் மாமி. மேரிக்கு இனிச் சுறா குடுக்க விடமாட்டேன்.”

கட்டிலில் கிடந்த மேரி எழுந்து உட்கார்ந்தாள். “எனக்கு நெத்தோலி போதும் அத்தே” என்றாள். மாமி மீனைக் கழுவினார். குழம்பு கொதிக்கும்போது கேட்டார்.

“அப்போ ஆத்து மீனு?”

“தெரியாது மாமி. யாரும் சோதிக்கல.”

“தெரியாதுன்னா?” கரண்டியைச் சட்டியில் ஓங்கி அடித்தார். “இந்தப் பிள்ளை நாளைக்கு அந்த ஆத்துலயாக்கும் குளிக்கணும். தெரியாதுன்னு சொல்ல இவனுவளுக்கு என்னத்துக்கு ஆபீஸு? பேப்பர் எடு மக்ளே.”

மாலை 4.30 பேருந்துக்குக் கிளம்ப வேண்டியவள், ஆற்று மீனைச் சோதிக்கச் சொல்லிக் கலெக்டருக்கு மனு எழுத உட்கார்ந்தேன். திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு தானே நேரில் போவதாக மாமி சொல்லிவிட்டார். அற்புதத்தையும் கரிமீனையும் கூட்டிக்கொண்டு போவாராம். ‘ஐயா, பணிவுடன் கேட்டுக்கொள்வது’ என்று ஆரம்பித்தேன். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

“பணிவுடனை வெட்டு” என்றார்.

வெட்டினேன்.