பாதைக்காரரின் பெயர்மேல் ஒரு கோடு

எங்கள் சபையின் அங்கத்தவர் இடாப்பு நீல மட்டை போட்ட பெரிய கொப்பி. அதன் நடுவில் ஒரு பக்கத்தில், ஒரு பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு ஓடுகிறது. அடிமட்டம் வைத்துப் போட்ட நேரான கோடு. பக்கத்தில் சின்ன எழுத்தில் 'ஆராதனைக்குச் சமுகமளியாமை' என்று காரணமும் எழுதியிருக்கிறது. எழுத்து என்னுடையது. அடிமட்டமும் என்னுடையதுதான், பள்ளிக்கூடப் பையிலிருந்து எடுத்தது. அப்போது நான் ஆசிரியை. சபைக்குச் செயலாளராகவும் இருந்தேன். போன மாதம் எங்கள் புதிய போதகர் அந்த இடாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கோட்டுக்குக் கீழே இருக்கிற மனிதரைப் பற்றி சபையின் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். 'அன்றாட வாழ்வில் ஆண்டவரைக் கண்ட எளிய விசுவாசி' என்று தலைப்பையும் அவரே யோசித்து வைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் வந்த மனிதருக்குத் தேத்தண்ணி கொடுக்கவும் மறந்துபோனேன்.

வெளியூர்க்காரருக்கு ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பில் நாங்கள் பாதை என்று சொல்வது நடந்து போகிற வழியை மட்டுமல்ல. வாவியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆட்களையும் சைக்கிள்களையும் ஆடு மாடுகளையும் ஏற்றிப் போகிற மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர். 'பாதை அக்கரையில நிக்கிது', 'கொஞ்சம் பொறுங்க, பாதை வரும்' என்று துறையில் நின்றவர்கள் சொல்வதைக் கேட்டு, கொழும்பிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் திகைத்துப்போனார். அன்றைய பிரசங்கத்தில், பாதையே மனிதரைத் தேடி வருகிற ஊரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் ஏதோ பெரிய விஷயத்தைத் தெரியாமல் சொல்லிவிட்டுப் போனார் என்று இப்போது நினைக்கிறேன்.

சபையின் கோயிலும் என் வீடும் எழுவான்கரையில், சூரியன் எழும்புகிற பக்கத்தில். நான் படிப்பித்த பள்ளிக்கூடம் படுவான்கரையில், வயல் வட்டைகள் விரிந்து கிடக்கிற மேற்குப் பக்கத்தில். இடையில் வாவி. எங்கள் துறையில் ஓடியது சின்னப் பாதை, அதற்கு இயந்திரம் இல்லை. இரண்டு கரையிலும் நட்ட கட்டைகளில் கட்டிய கம்பிக் கயிற்றைப் பிடித்து இழுக்க இழுக்க அது நகரும். இழுத்தவர்தான் பாதைக்காரர். உள்ளங்கை கிழியாமல் இருக்க சைக்கிள் டியூப் துண்டு இரண்டைக் கையில் சுற்றியிருப்பார். யுத்த காலத்தில் இரண்டு கரையும் இரண்டு தரப்பாரின் கையில் இருந்தபோதும் அவர்தான் இழுத்தார். அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டது அவருடைய மனைவி மட்டும்தான். அந்த அம்மா முந்தியே இறந்து, எங்கள் சபையின் சேமக்காலையில் வேம்பின் கீழ் அடக்கமாகியிருந்தார். பக்கத்தில் இன்னொரு குழிக்கு இடம் விட்டிருந்தது. அது தனக்கு என்று பாதைக்காரர் நம்பியிருந்தார்.

பக்தியான மனிதரா என்று கேட்டால், அவர் பக்தியாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு மாரிகாலத்துக் காலையில், நாங்கள் நடு ஆற்றில் இருக்கும்போது காற்றுக் கிளம்பிவிட்டது. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். பாதை ஒரு பக்கம் சரிந்தது, தண்ணீர் பலகைக்கு மேலால் வந்தது. நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினேன். பாதைக்காரர் கம்பியை விடாமல் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"டீச்சர், கண்ணத் தொறந்து அந்த ஆட்டப் புடிங்க. ஜெபம் மறுகாப் பண்ணலாம்."

கண்ணைத் திறந்தேன். யாரோ கொண்டுவந்த ஆடு ஒன்று கட்டறுந்து விளிம்பை நோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்தது. நான் பாய்ந்து அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்தேன். என்னை ஒரு தயிர்க்காரி பிடித்தாள், அவளுடைய தயிர்ச் சட்டிகளை முன்பின் தெரியாத ஒருவர் பிடித்தார். அக்கரை போய்ச் சேரும் வரை அந்த ஆட்டின் நெஞ்சு என் கைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. என் சீலை நாறிப்போனது. ஆனால் எத்தனையோ வருடம் ஆராதனையில் முழங்காலில் நின்று தேடிய ஒன்று அன்றைக்கு ஆட்டு மயிர் வாடையோடு என் மடிக்குள் இருந்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சபையில் சாட்சியாகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஏன் கோயிலுக்கு வரவில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். படுவான்கரையில் எங்கள் சபைக் குடும்பங்கள் ஒரு பத்து இருந்தன. அவர்களைக் காலையில் இக்கரைக்குக் கொண்டுவந்து விட்டு, திரும்பிப் போய் மற்றச் சனங்களை ஏற்றி இறக்கி, ஆராதனை முடிகிற நேரத்துக்கு மறுபடி இங்கே நிற்க வேண்டும். கோயில் மணி அடிக்கும்போது அவர் அனேகமாக நடு ஆற்றில் இருப்பார். கம்பியை விட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றுவார். 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்குகிற பரமண்டல ஜெபத்தை வாய்க்குள் பாதியும் வெளியில் பாதியுமாகச் சொல்வார். பாதை தண்ணீரில் சும்மா மிதக்கும். ஏறியிருக்கிற சைவக்காரரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள். அவசரப்பட்ட உத்தியோகத்தர் ஒருவர் ஒருநாள் முணுமுணுத்தபோது, அந்தத் தயிர்க்காரிதான், "செத்த நேரம் பொறுங்க சேர், அவர் சாமியோட கதைக்கார்" என்று அடக்கினாளாம்.

ஒருமுறை அவர் என்னிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். திருவிருந்து நாளில் போதகர் ஐயா அந்த அப்பத்தையும் திராட்சரசத்தையும் துறையடிக்குக் கொண்டுவந்து தருவாரா என்றார். கோயிலிலிருந்து துறைக்கு நூறு யார் தூரம் இருக்காது. நான் அப்போதிருந்த போதகரிடம் கேட்டேன். நோயாளிகளுக்குத்தான் வெளியே கொண்டுபோகலாம் டீச்சர், அவருக்கு நோய் ஒன்றுமில்லையே என்றார் அவர். நான் சரி ஐயா என்றேன். ஒரு மனிதர் சுகமாக இருந்ததைக் குற்றமாக்கிய அந்தப் பதிலுக்கு நான் சரி என்று சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு வந்தது அந்த வருடாந்தக் கூட்டம். காரணமில்லாமல் நெடுநாள் ஆராதனைக்குச் சமுகமளிக்காதவர்களை இடாப்பிலிருந்து நீக்குவது பற்றிப் பேச்சு எழுந்தது. எழுப்பியவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் வீடு படுவான்கரையில். ஞாயிறுதோறும் வெள்ளைக் காற்சட்டையின் மடிப்புக் கலையாமல் பாதையின் நடுவில் நின்றுதான் வருவார். அவருக்குத் தண்ணீர் தெறிக்கக் கூடாது என்று பாதைக்காரர் தனியாக ஒரு பலகை போட்டிருந்தார். அந்த அதிபர் எழும்பி நின்று, "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். இத்தன வருசத்தில பாதைக்காரர இந்த வாங்கில கண்ட ஆக்கள் ஆரும் இரிக்கிறீங்களா?" என்று கேட்டார். நீங்கள் இன்றைக்கு எதில் வந்தீர்கள் சேர் என்ற ஒரே ஒரு கேள்வி போதும். அதை நான் கேட்கவில்லை. அவர் எனக்கு அதிபராக இருந்தவர், போதகர் தலையாட்டிக்கொண்டிருந்தார், நேரமும் போய்க்கொண்டிருந்தது. நான் பையைத் திறந்து அடிமட்டத்தை எடுத்தேன்.

திங்கட்கிழமை, பெயர் நீக்கிய கடிதத்தைக் கொடுக்கப் போனவளும் நான்தான். கை ஈரம், நீங்களே வாசியுங்கள் என்றார் பாதைக்காரர். பாதையில் ஆட்கள் நிற்க, நான் எழுதிய கடிதத்தை நானே அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கம்பியை இழுத்துக்கொண்டே கேட்டார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன், கோபிக்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்கிற மாதிரி, "நான் கோயிலுக்க வந்து குந்திட்டா, ஆண்டவர் ஆர்ர பாதையில வாற, டீச்சர்?" என்றார். நான் தண்ணீரைப் பார்த்தேன். கரை வந்த பிறகு மற்றவர்களை இறங்கவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "இடாப்பில பேர் இல்லாட்டியும் பரவாயில்ல. சேமக்காலையில அவள்ர பக்கத்தில எனக்கு இடம் தருவாங்கதானே?"

"அதெல்லாம் தருவாங்க அண்ண. நான் இரிக்கிறன்தானே" என்றேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் அவர் படுவான்கரையில் தன் வீட்டில் இறந்தார். வாழைச்சேனையில் கட்டிக்கொடுத்த மகள் முதல்நாளே வந்து பக்கத்தில் இருந்திருக்கிறாள். அவள் ஒரு தோணியில் இக்கரைக்கு வந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். நான் கூட்டிக்கொண்டு போதகரிடம் போனேன். போதகர் இடாப்பைக் கொண்டுவரச் சொன்னார். பக்கத்தைத் திருப்பினார், என் கோட்டைப் பார்த்தார். நீக்கப்பட்டவருக்குச் சேமக்காலையில் இடம் கொடுக்க நிருவாகக் குழு கூட வேண்டும், அதற்கு ஒரு கிழமையாவது வேண்டும் என்றார். பிரேதம் ஒரு கிழமை காத்திருக்குமா ஐயா என்று மகள் கேட்டாள். அவர் சபை ஒழுங்கு என்றார். அந்தப் பிள்ளை போதகரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். தகப்பன் நான் கொடுத்த வாக்கை அவளிடம் சொல்லியிருப்பார் போலும். நான் இரிக்கிறன்தானே என்ற நான், அந்த இடத்தில் கல்லு மாதிரி இருந்தேன். சண்டை பிடித்திருக்கலாம். சாவி என் கையில் இருந்தது, நானே சேமக்காலைக் கதவைத் திறந்துவிட்டிருக்கலாம்.

மறுநாள் ஞாயிறு. மணி அடித்தது. வாங்குகளில் பாதி வெறுமை. படுவான்கரைக் குடும்பங்களில் ஒருவர்கூட வரவில்லை. அதிபரின் இடமும் வெறுமையாகக் கிடந்தது. போதகர் பீடத்திலிருந்து இறங்கி என்னிடம் வந்து, ஏன் இன்றைக்கு ஆட்கள் குறைவு என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

"பாதை அக்கரையில நிக்கிது ஐயா" என்றேன்.

அவர் முகம் மாறியது. ஆனாலும் ஆராதனையைத் தொடங்கினார், நானும் என் இடத்தில் இருந்து வரவுக் கொப்பியை எழுதினேன். அதிபரின் பெயருக்கு நேரே சமுகமில்லை என்று குறித்தேன். வெள்ளைக் காற்சட்டையோடு துறையில் நின்று, மணி அடித்து ஓயும் வரை பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனதாக அவரே பின்னர் சொன்னார். தோணிக்காரர் எல்லாரும் சாவீட்டில் நின்றார்கள்.

ஆராதனை முடிந்த பிறகுதான், மறுபடி ஓடத் தொடங்கிய ஒரு தோணியில் நான் அக்கரை போனேன். எல்லாம் முடிந்திருந்தது. ஊர்ப் பொது மயானத்தில், வட்டையோரமாக, அயலவர்களே குழி வெட்டி அடக்கம் செய்திருந்தார்கள். பாதையின் பழைய பலகை ஒன்றைக் கழற்றிச் சிலுவை செய்து நட்டிருந்தார்கள். ஜெபம் யார் செய்தது என்று மகளிடம் கேட்டேன். எங்கள் ஆட்கள் போதகர் இல்லாமல் எப்படி என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். கடைசியில் அந்தத் தயிர்க்காரி முன்னுக்கு வந்து, ஞாயிறுதோறும் நடு ஆற்றில் அவர் சொல்லக் கேட்டுப் பழகிய ஜெபத்தைச் சொன்னாளாம். காற்றுக்குள் அவள் காதில் விழுந்தது அரைகுறை. பரமண்டலம் வரவேண்டிய இடத்தில், 'படுவான்கரையில இரிக்கிற எங்கட பிதாவே' என்று தொடங்கினாளாம். ஒருவரும் திருத்தவில்லை. எனக்கும் திருத்தத் தோன்றவில்லை. அவள் சொன்னதில் எது பிழை என்று எந்தப் போதகராவது எனக்கு விளங்கப்படுத்தட்டும்.

இப்போது பாலம் வந்துவிட்டது, பாதை இல்லை. அதிபரும் அந்தப் போதகரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். புதிய போதகர் நல்ல பிள்ளை, அவரில் எனக்குக் கோபமில்லை. ஆனால் சபைக்கு இப்போது பாதைக்காரர் தேவைப்படுகிறார். சுவரில் படம் காட்டிப் பிரசங்கம் செய்கிற காலம், அதற்கு ஓர் எளிய விசுவாசி வேண்டும். உயிரோடு இருந்தபோது ஒரு துண்டு அப்பத்தை நூறு யார் தூரம் தூக்கி வராதவர்கள், இறந்தபோது ஆறடி கொடுக்காதவர்கள், இப்போது மலரில் ஒரு முழுப் பக்கம் கொடுக்கிறார்கள். "பழைய இடாப்பக் கம்பியூட்டர்ல ஏத்தப் போறம் டீச்சர். நீங்க ஒரு கையெழுத்து வச்சா அந்தக் கோட்ட எடுத்திடலாம், பேர் சுத்தமா வந்திடும்" என்றும் போதகர் சொன்னார். நான் ஆற அமரப் பார்க்கட்டும் என்று இடாப்பை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

அது இந்த மேசையில்தான் கிடக்கிறது. மலருக்கு நான் எழுதுவது இதுதான், போட விருப்பமிருந்தால் முழுதாகப் போடட்டும். பாதைக்காரரின் பெயர்மேல் இருக்கிற கோட்டை நான் எடுக்கவில்லை. சபை செய்தது என்ன என்று அந்தப் புத்தகத்தில் வேறெங்கும் எழுதவில்லை, அந்தக் கோடு ஒன்றுதான் சாட்சி. பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி என் பெயரைத் தேடிப் பிடித்தேன். அடிமட்டம் வைத்து, சிவப்பு மையால் அதன்மேல் ஒரு கோடு போட்டேன். இந்தக் கோடும் நேராகத்தான் வந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் காரணத்தையும் எழுதினேன்: 'அடக்கத்துக்குச் சமுகமளியாமை.'