தவக்காலத்தில் விட்ட இனிப்பு

டாக்டர் "பார்டர்ல இருக்கீங்க" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் நான் எல்லா வருடமும் பார்டர். முப்பத்தைந்தைத் தொட்டுத் தப்பிக்கிற வித்தை எனக்குப் புதிதல்ல. "அப்போ பாஸா, ஃபெயிலா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஆறு புள்ளி மூன்றில் நிற்கிறது, இன்னும் கொஞ்சம் ஏறினால் சர்க்கரை நோய்தான் என்றார். மூன்று மாதம் டயம் தருகிறேன், சாப்பாட்டை மாற்றுங்கள், குறையாவிட்டால் மாத்திரை ஆரம்பித்துவிடலாம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார்.

மாத்திரை என்றதும் என் சிரிப்பு போய்விட்டது. அம்மாவுக்கும் மாத்திரையில்தான் ஆரம்பித்தது. பிறகு ஊசி, பிறகு காலில் ஆறாத புண், பிறகு வலது காலில் இரண்டு விரல்கள். தினமும் காலையில் அந்தக் கட்டைப் பிரித்து மருந்து வைத்தது நான்தான். அந்த வாடை என் கையைவிட்டுப் போக அம்மா இறந்த பிறகும் பல மாதம் ஆனது. அதனால் எனக்கு இந்த நோயிடம் பயம். மரியாதையான பயம் எல்லாம் இல்லை, நடுங்கிப்போகிற பயம். அன்று வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து என் கால் விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பத்தும் இருந்தன.

சாப்பாட்டை மாற்று என்பது சொல்கிறவருக்குச் சுலபம். நான் பெங்களூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். காலையில் எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறினால் இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டும், பிறகு மேசையில் உட்கார வேண்டும், சாயங்காலம் மறுபடியும் ரயிலில் உட்கார வேண்டும். அதுவும் உட்கார இடம் கிடைத்தால். ரயில் மாரிகுப்பத்தில் காலியாகக் கிளம்பும், எங்கள் ஸ்டேஷனுக்கு வரும்போது இருக்கைகள் எல்லாம் போயிருக்கும். அப்பா தங்கச் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கேஜ் என்கிற இரும்புக் கூண்டைப் பற்றிச் சொல்வார், மூக்கு அரித்தால் சொறிய கை வராது என்று. எங்கள் லேடீஸ் பெட்டியும் அப்படித்தான். சுரங்கம் மூடியாகிவிட்டது, நெரிசல் மட்டும் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பவர் மாரிகுப்பத்தில் ஏறுகிற ஒரு அக்கா. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. மூன்று பேர் உட்கார வேண்டிய இருக்கையில் நான்கு பேர், எதிரே நான்கு பேர், ஆக எட்டுப் பேர் எங்கள் கூட்டம். ஜன்னலோரம் அக்கா. அவர் பக்கத்தில் கைக்குட்டை விரித்திருந்தால் அது என் இடம். ஐந்து வருடமாக நான் நின்றுகொண்டு போனதே இல்லை.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பங்காருபேட்டையில் வண்டி நின்றதும் டப்பாக்கள் திறக்கும். தினமும் எட்டு டப்பாவும் எட்டு மடிக்கும் போய் வரும். அக்காவின் டப்பாவில் எப்போதும் இனிப்புதான். கேசரி, சர்க்கரைப் பொங்கல், வெல்லம் போட்ட பச்சரிசி மாவு உருண்டை. வேலைக்குப் போகிற அவசரத்தில் எப்போது எழுந்து கிளறுவாரோ தெரியாது. வேண்டாம் என்று சொல்கிற பேச்சே கிடையாது. ஒருத்தி சொல்லிப் பார்த்தாள். நான் டயட்டில் இருக்கிறேன் என்று வெள்ளரிக்காய்த் துண்டுகளைக் கொண்டுவந்து தனியாகக் கொறித்தாள். "இன்னா, நம்ம வீட்டு சோறு எறங்கலியா அவங்களுக்கு?" என்று யாரோ கேட்டார்கள். சண்டை எதுவும் இல்லை. ஒரு வாரம் கழித்து அவளுக்கான கைக்குட்டை மட்டும் விரிக்கப்படவில்லை. இப்போது வேறு பெட்டியில் கதவோரம் நின்றுகொண்டு போகிறாள்.

அவளை நினைத்துத்தான் நான் வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்க வேண்டிய நேரத்தில் திறந்தும் கொண்டேன். முதலில் வயிறு சரியில்லை என்றேன். அக்கா மறுநாள் ஓமத்தண்ணீர் கொண்டுவந்தார், கூடவே கேசரியும். பிறகு பல்வலி என்றேன். பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்குப் பல்வலியா என்று பெட்டியே சிரித்தது. ஒரு நாள் கேசரியைக் கைக்குட்டையில் சுருட்டி, மாலூர் தாண்டியதும் கழிவறைக்குப் போய் ஜன்னல் வழியாக எறிந்தேன். அன்று முழுக்க என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு எறியவில்லை, தின்றேன்.

வீட்டில் மட்டும் வீராங்கனை. சோற்றை விட்டுவிட்டுக் களிக்கு மாறினேன். கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது என்று ஊரே சொல்கிறதே என்று இரண்டு பெரிய உருண்டை உருட்டி, கீரை மசியலில் தொட்டு விழுங்கினேன். "நீ இன்னா மாடா, வெறும் தழையா துன்ற?" என்று கேலி செய்தார் வீட்டுக்காரர். பத்து நாள் கழித்து எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள், எண் ஏறியிருந்தது. களியும் மாவுதான், பாதி உருண்டை போதும் என்றாள். ரயிலிலும் தப்பு, வீட்டிலும் தப்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

அப்படியே விபூதி புதன் வந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள். அன்று காலையில் அக்கா டப்பாவை நீட்டியபோது, யோசிக்காமல் என் வாயிலிருந்து வந்தது: "இன்னிலருந்து எங்களுக்குத் தவக்காலம்க்கா. நாப்பது நாளு இனிப்ப விட்டுட்டேன்."

அக்கா டப்பாவைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அய்யோ, நோம்பா? தெரியாம நீட்டிட்டனே, சாமி குத்தம் ஆயிடப்போவுதுமா!"

அவ்வளவுதான், கதவு திறந்துவிட்டது. டயட் என்றால் கர்வம், நோன்பு என்றால் பக்தி. மறுநாள் அக்காவின் டப்பாவில் வேகவைத்த வேர்க்கடலை இருந்தது. "நீ நோம்பு இருக்க சொல்ல நாங்க மட்டும் இனிப்பு துன்னா நல்லாவா கீது?" என்றார். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற அக்கா, என் நோன்புக்காக நாற்பது நாளும் இனிப்புக் கிளறவில்லை. மற்றவர்களும் சுண்டல், முட்டை, கொய்யா என்று மாறிவிட்டார்கள். என் ரவிக்கை தளர்ந்தது. சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து, சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனேன். மூச்சு இறைக்கவில்லை.

ஆனால் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த வருடம் பாவசங்கீர்த்தனத்தில் கோபம், பொறாமை என்று எல்லாவற்றையும் சாமியாரிடம் ஒப்பித்தேன், இதை மட்டும் சொல்லவில்லை. கோயிலில் எல்லாரும் ஈஸ்டர் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். நான் மட்டும் அது வராமலே இருந்தால் தேவலை என்று நினைத்தேன். ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமை எனக்கு ரத்தப் பரிசோதனை. முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், எண் இறங்கியிருந்தது, மாத்திரை தப்பியது. ஆனால் சொல்ல வந்தது அது இல்லை.

ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை. அக்கா ஒரு பெரிய தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார். பங்காருபேட்டையில் வண்டி நின்று கூட்டம் ஏறி நெருக்கியபோது அதைத் திறந்தார். ஒப்பட்டு, பருப்பும் வெல்லமும் வைத்த போளி. ஒன்றின் மேல் ஒன்றாக, வாழையிலையில், நெய் மின்ன. பெட்டி முழுக்க வெல்லமும் ஏலக்காயும் மணந்தது.

"நாப்பது நாளு வாயக் கட்டுன. மொதல்ல நீ துன்னு, அப்பறம்தான் மத்தவங்க," என்றார் அக்கா. ஒரு ஒப்பட்டை மடித்து என் கையில் வைத்தார். ஏழு பேரும் என்னையே பார்த்தார்கள். எழுந்து போக முடியாது, முழங்கால் முழங்காலோடு முட்டி நின்றது. கடித்தேன். இவ்வளவு நாள் கழித்து அந்த இனிப்பு நாக்கில் பட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அப்படி ஒரு ருசி. முழுதாகத் தின்றுவிட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே இன்னொன்றை வைத்தார். "உனுக்குன்னே செஞ்சதுமா. நேத்தெல்லாம் பருப்பு அரைச்சிக் கை கழண்டு போச்சி."

அந்த இரண்டாவதைப் பார்த்ததும் எனக்கு அம்மாவின் கால்தான் தெரிந்தது. "அக்கா, முடியலக்கா. எனக்குச் சக்கரை பார்டர்ல கீதுக்கா," என்றேன்.

"எப்பலருந்து?"

"ஜனவரிலருந்து."

அக்கா விரல் மடக்கி மாதத்தை எண்ணினார். "அப்போ நோம்பு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சக்கரன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே இனிப்ப நிறுத்தியிருப்பனே. எங்க வூட்டுக்காரரு அதுலதான் போனாரு. எனுக்குத் தெரியாதா? சாமி பேர்ல பொய் சொல்ற அளவுக்கு என்கிட்ட இன்னாமா பயம் உனுக்கு?"

இதற்கு ஏதாவது நல்ல பொய் சொல்லியிருக்கலாம். மூன்று மாதமாகச் சொல்லிப் பழகியவள்தானே. அன்றைக்கென்று பார்த்து உண்மை வந்தது. "வேணாம்னு சொன்னா சீட்டு போயிடுமோன்னு..." என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். "அஞ்சி வருசமா சீட்டுக்காகவா துன்ன?" என்று மட்டும் கேட்டார். தூக்கை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "உக்காருமா. சீட்டு உனுக்குத்தான். நல்லா தாராளமா உக்காரு," என்று சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு கதவோரம் போய் நின்றார்.

வண்டி கிளம்பியது. மாலூரில் இன்னும் கூட்டம் ஏறியது. ஜன்னலோரம் காலியாக இருந்த அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. கதவுப் பக்கம் அக்காவின் முதுகு தெரிந்தது, ஒயிட்ஃபீல்டு வரை அவர் திரும்பவே இல்லை. நெரிசலில் எழுந்து போக முடியவில்லை என்று வெகு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். போக வழி இருந்தது. நான்தான் எழவில்லை.