வெரி குட் சொல்ல முடியாமல் போன கதை

கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் வீட்டில் யாருக்கும் ஒரு நன்மையும் கிடையாது. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிடும்போது சும்மா இருக்காமல் 'வெரி' என்ற சொல்லின் பூர்வீகத்தை மனைவியிடம் எடுத்துவிட்டேன்.

"பழைய பிரெஞ்சுல இருந்து வந்தது. முதல்ல 'நெசமான'ன்னுதான் அர்த்தம். எல்லாத்துக்கும் போட்டுப் போட்டு உண்மை தேஞ்சுபோயி, இப்ப 'ரொம்ப'ன்னு மட்டும் நிக்குது."

அவள் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அப்ப நேத்து என் குழம்ப வெரி குட்னு சொன்னீங்களே, அது நெசமா, தேஞ்சதா?"

நான் அப்பளத்தை நொறுக்கினேன்.

அன்றிலிருந்து எதற்கு வெரி போட்டாலும் "நெசமாவா?" என்பாள். அவள் சேலைக்கும் கேட்டாள், அவள் தம்பி வாங்கிய பைக்குக்கும் கேட்டாள். வெறும் 'குட்' என்று நிறுத்திக்கொள்ளப் பழகினேன்.

எங்கள் திருச்சபையின் ஸ்தோத்திரப் பண்டிகையில் சிறுதானியப் பலகாரப் போட்டி வைத்தார்கள். வாத்தியார் என்பதால் நடுவர் வேலை என் தலையில் விழுந்தது. முதல் தட்டே ஐயரம்மாவுடையது. எங்கள் போதகரின் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவோம். கம்பு கேக். கத்தி இறங்கவில்லை. ஐயரம்மாவே இரண்டு கையாலும் அமுக்கி ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தார். கோடையில் காய்ந்த கரிசல் கட்டியைக் கடித்ததுபோல் இருந்தது.

"எப்படி இருக்கு சார்?" மைக்கை நீட்டினார்.

"வெரி..." என்று பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டேன்.

"நெசமாவா?" பெண்கள் வரிசையில் இருந்து என் மனைவியின் குரல். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏற்கெனவே அவளிடம் கதை கேட்டிருந்தவர்கள் முந்தானைக்குள் குலுங்கினார்கள். ஐயரம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கேக்கைப் பார்த்தேன். பாதி மேசையை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"வெரி... பிக்!" என்றேன்.

"ஆமா, அது நெசந்தான்" என்றாள் மனைவி.

பந்தலே கைதட்டியது. ஐயரம்மாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "பெரிய அண்டாவுல வச்சேன் சார், அதான்!"

பரிசைக் குதிரைவாலிப் பணியாரத்துக்குக் கொடுத்தேன். ஆனாலும் மறுநாள் காலை ஐயரம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். "ஒங்களுக்குப் பிடிச்சிருந்துச்சுல்லா" என்று மிச்சக் கேக்கை அப்படியே வைத்துவிட்டுப் போனார். என் மனைவி அதை என் பக்கம் நகர்த்தினாள். மூன்று நாள் டீயில் ஊறவைத்துத் தின்றேன்.