ஏலகிரிக்குப் போகும் வெள்ளரி நாற்று, கும்மிடிப்பூண்டி குளிர் அறையில்

கையெழுத்து கோணலாக இருக்கும், வரிகள் ஏறி இறங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதக் கற்றது போன வருஷம்தான். நான் எழுதும் தாளை மருமகள் படமெடுத்து இங்கே போடுகிறாள். எழுத எழுதச் சந்தோஷமாக இருக்கிறது.

என் மகள் செல்வி ஏலகிரியில் குத்தகை நிலத்தில் வெள்ளரி போடுகிறாள். போன மார்கழிக் குளிரில் நாற்று முழுக்கச் செத்தது. இந்தத் தடவையும் போனால் நிலத்தை விட்டுவிட்டு ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகலாம் என்கிறார் மாப்பிள்ளை. செல்விக்கு மனசில்லை.

சோழவரத்தில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஒரு அம்மா, "முளை கட்டும்போதே தண்ணியயும் சூட்டயும் கொறைங்க, குளுரு தாங்கும்" என்றார். நம்பாமல் இரண்டு தட்டு வளர்த்தேன். ஒன்றின் விதையை வழக்கம்போல் சொட்டும் ஈரத்துணியில் கட்டி அடுப்போரம் வைத்தேன். இன்னொன்றை ஒட்டப் பிழிந்த துணியில் சுற்றி வெறும் தரையில் வைத்தேன். அது பிந்தித்தான் முளைத்தது.

மலைக்கு அனுப்பும் முன் சோதித்துவிடலாம் என்று, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பழக் கிடங்கில் வேலை செய்யும் அக்கா மகன் சேகரிடம் கிளம்பினேன். திருவள்ளூரில் காலை ஆறு மணி மின்சார ரயில், சென்ட்ரலில் மாறி இன்னொன்று. டிக்கெட் இருபது ரூபாய்க்குள்தான். சுமார் மூன்று மணி நேரம். காலிக் கூடையோடு பொன்னேரிக்குத் திரும்பிய மீன்கார அம்மா என் மடியிலிருந்த நாற்றுத் தட்டுகளைப் பார்த்தார்.

"இன்னா பெர்சு, செடிக்கு ஊர் சுத்திக் காட்டறியா?"

"குளுருல வெக்க இட்டுக்கினு போறேன்மா."

"என்னயும் இட்டுக்கினு போ. இந்த டப்பாவுல வேகுது!"

சேகரும் விடவில்லை. "செடிக்கு ஏசியா மாமா? எனுக்கே ஊட்ல ஃபேன்தான்!"

மேஸ்திரியிடம் கேட்டு, எட்டு டிகிரி அறையில் ஒரு ராத்திரி வைத்தோம். காலையில் எடுத்தால் இரண்டு தட்டும் பச்சையாக நின்றன. "ரெண்டும் ஒண்ணுதான் மாமா" என்றான். எனக்கு மனசே விட்டுப்போயிற்று. வெயிலில் வைத்துவிட்டு டீ குடித்து வந்தோம். அதற்குள் அடுப்போரத் தட்டு முழுக்கத் துவண்டு படுத்திருந்தது. மற்றதில் நாலைந்து தவிர எல்லாம் நின்றன.

செல்விக்கு போன் போட்டேன். "நைனா, நிக்குதா?" "நிக்குதும்மா." உடனே அவள் மாப்பிள்ளையைக் கத்திக் கூப்பிட்டது காதில் விழுந்தது.

குளிரைத் தாங்கும் பழக்கம் இலை விட்ட பிறகு வரும் என்று நினைத்திருந்தேன். விதை வாய் திறக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது போல. எனக்கு எழுத்து அறுபத்தெட்டு வயதில் வந்தது. வெள்ளரிக்கு அவ்வளவு காலம் ஏது?

நாற்றோடு ரயில் ஏறுகிறவர்கள் ஜன்னலோரம் உட்காராதீர்கள், காற்று இலையைக் கிழிக்கும். ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ உண்டு. நான் பார்த்தது ஒரே தடவை. உங்கள் விதையில் கொஞ்சம் எடுத்து முதலில் பாருங்கள்.

வியாழக்கிழமை நாற்றோடு மலை ஏறுகிறேன். அறைக் குளிர் ஒரு ராத்திரி. மலைக் குளிர் மாதம் முழுக்க. நின்றாலும் விழுந்தாலும் அடுத்த வாரம் என் கையாலேயே எழுதுவேன்.